முன்னூத்திப் பதினோரு இருமல்

எங்க பொன்மேட்டுச் சுரங்க லைன் வூடுங்கள்ல ஆம்பளைங்களை அடையாளம் சொல்ல மூஞ்சி வேணாம், இருமல் போதும். நெட்டை ஆரோக்கியம் இருமினா தகர டப்பாவைக் கல்லுமேல தரதரன்னு இழுத்த மாதிரி இருக்கும், மேஸ்திரி குப்பன் இருமினா மூணு வூடு தள்ளி நாயி குரைக்கும், எங்க வூட்டுக்காரரு எபிநேசரு இருமினா குட்டையா ரெண்டு, நீட்டா ஒண்ணு, கடைசியில "ஏசுவே"ன்னு ஒரு முனகல். நான் சலோமி. கம்பெனி ஆஸ்பத்திரியில முப்பத்திரெண்டு வருஷம் ஆயாவா இருந்தவ, பெட்பேன் கழுவினவ. கண்ணைக் கட்டிவுட்டு வார்டுல நிறுத்தினாலும் எந்தக் கட்டில்ல எவன் படுத்திருக்கான்னு சொல்லிடுவேன். எட்டாயிரம் அடிக்குக் கீழ எறங்கி தங்கம் வெட்டினவங்க மேல வரும்போது கையில தங்கத்தைக் கொண்டாரல, நெஞ்சுல கல்தூசியைக் கொண்டாந்தாங்க. ஆனா கம்பெனி டாக்டரு சீட்டுல எழுதறது ஒரே வார்த்தை: பீடி. பீடியைக் கையால தொடாத என் புருஷனுக்கும் பீடி. வெளங்குமா அந்தக் கை?

என் தம்பி மனாசேவைப் பத்திக் கேட்டுத்தானே வந்திருக்கீங்க, ப்ளூஸ் வாசிக்கறவன், ரெக்கார்டு போட்டவன்னு பேப்பர்ல படிச்சுட்டு? சொல்றேன், ஆனா குறுக்கப் பேசாம கேக்கணும், எனக்குக் கோவம் வந்தா கதை கெட்டுடும்.

அவன் பதினாலு வருஷம் சுரங்கத்துல கீழ கல்லு வண்டி தள்ளினவன். கையில எப்பவும் மௌத்தார்கன். அப்ப அவன் வாசிப்பு எல்லாமே ஊதறதுதான். கிறிஸ்மஸ் வந்தா வூடு வூடா பஜனை, கல்யாணம் வந்தா சினிமாப் பாட்டு, ஆபீசருங்க கிளப்புல டான்ஸு நடந்தா சமையக்கட்டு வாசல்ல நின்னு வால்ட்ஸ். துள்ளற பாட்டு, கேட்டா காலு சும்மா இருக்காது. அதுல ஒரு டான்ஸ் பாட்டு உண்டு, அதை வாசிச்சா மேனேஜர் பொண்டாட்டியே எட்டிப் பாத்து "வெரி குட் மனாசே"ன்னு சொல்லுவா, இவனும் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பான். நல்லா வாசிச்சான், இல்லன்னு சொல்லல, ஆனா அதுல எங்க வாழ்க்கை துளிகூட இல்ல.

அப்புறம் ஒரு நாள் ஷிப்டு சங்கு ஊதல. அவ்வளவுதான், சுரங்கத்தைப் பூட்டிட்டாங்க. ஆளுங்களைக் கீழ எறக்கற கூண்டை மேல ஏத்தி நிறுத்திட்டு, "இனிமே வராதீங்க"ன்னு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போய்ட்டாங்க. கிளப்பு சாமானை ஏலம் போட்டப்ப நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் அடிச்சுக்கிட்டாங்க, யாரும் கை வெக்காத ஒரு பொட்டி பழைய இசைத்தட்டை மட்டும் மனாசே தலையில தூக்கிக்கிட்டு வந்தான். அமெரிக்காவுல பருத்திக் காட்டுலயும் ரயில் ரோட்டுலயும் முதுகொடிஞ்ச கறுப்பு ஜனங்க பாடின பாட்டாம். ப்ளூஸுன்னு பேராம். மூணு மாசம் காதை அதுலயே வெச்சுக்கிட்டுக் கிடந்தவன் ஒரு சாயங்காலம் கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே வெச்சுட்டு எழுந்தான்.

"அக்கா, இந்தாளுங்க ஊதல. இழுக்கறாங்க."

"இன்னாத்தைடா இழுக்கறாங்க?"

"மூச்சை. மௌத்தார்கனுக்கு ஊதினாலும் சத்தம், இழுத்தாலும் சத்தம். நான் இத்தினி வருஷமா முட்டாத்தனமா ஊதிக்கிட்டே இருந்துட்டேன். துக்கமெல்லாம் இழுக்கற பக்கம் இருக்குது."

சொல்லிட்டு வாசப்படியில உக்காந்து ஒரே ஒரு சொரத்தை நீளமா, உள்ளுக்குள்ள, வயிறு ஒட்டற வரைக்கும் இழுத்தான். லைன்ல இருமல் நின்னு போச்சு. ஒருத்தரோடது இல்ல, மொத்தமும். எபிநேசரு குட்டையா ரெண்டு இருமிட்டு நீட்டா ஒண்ணுக்கு வாயைத் திறந்தாரு, அது வரவே இல்ல, திறந்த வாயோட என்னைப் பாத்தாரு. அடுத்த வூட்டுல ஆரோக்கியத்தோட பொண்டாட்டி ஸ்டெல்லா, "ஐயோ, அந்தாளு செத்துட்டான் போல"ன்னு அலறிக்கிட்டு உள்ள ஓடினா, பாத்தா அவன் கட்டில்ல உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கான். மனாசே மௌத்தார்கனை வாயிலேருந்து எடுத்ததும் எல்லாம் பழையபடி ஆரம்பிச்சுது.

அதிசயம்னு நீங்கதான் சொல்றீங்க. எங்களுக்கு அடுத்த நாளே அது தண்ணி லாரி வர்ற மாதிரி ஆயிடுச்சு, எப்ப வரும், எத்தினி நேரம் நிக்கும், எங்க தெருவுக்கு மொதல்லயா உங்க தெருவுக்கா, அதுதான் சண்டை. போராட்டக் கமிட்டி செகரட்டரி சவரிமுத்து, முன்ன கூண்டை ஏத்தி எறக்கற இஞ்சின் ஓட்டினவரு, ஒரு அட்டையில நேரம் எழுதிக் கம்பத்துல கட்டினாரு: காலைல புள்ளைங்க படிக்கறப்ப ஒரு மணி நேரம், மத்தியானம் கிழவங்க தூங்க ஒண்ணரை மணி, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு, ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு. பாஸ்டர் ஐயாவுக்கு மட்டும் ஒரு வாரம் மொகம் சரியில்ல, இருபது வருஷமா இருமல் சத்தத்துல தப்பிச்ச அவரோட பிரசங்கம் அன்னைக்குத்தான் முழுசா எங்க காதுல வுழுந்துது. பொண்ணு பாக்க வந்தா பந்தியில மனாசேவுக்கு மொத எலை. அவன் தின்னுட்டு வாசிக்க, பொண்ணோட அப்பன் நெஞ்சை நிமித்திக்கிட்டு "எனக்கு ஒரு நோய் நொடி கெடையாது சம்பந்தி"ன்னு பொய் சொல்லுவான். அப்படியே நாலு வருஷத்துல பதினேழு கல்யாணம் முடிஞ்சுது. இழுத்த இருமல் எல்லாம் எங்க போவுதுன்னு ஒருத்தரும் கேக்கல. கூடப் பொறந்த நானும் கேக்கல, அதைச் சொல்லாம போனா நாக்கு அழுகிப் போயிடும்.

ஆனா சத்தத்துல தெரிஞ்சுது. மொத வருஷம் அவன் இழுத்த சொரம் மெல்லிசா, ஈரத்துணி மாதிரி இருக்கும். ரெண்டாம் வருஷம் அதுல ஒரு கரகரப்பு ஏறிச்சு. மூணாம் வருஷம் ஒரு சொரத்துக்குள்ள பத்து ஆளுங்க உக்காந்திருக்கற மாதிரி கனம், காது வெச்சுக் கேட்டா ஆரோக்கியத்தோட தகர டப்பா கூட அதுக்குள்ள இருக்கும். பட்டணத்துலேருந்து ரெக்கார்டு போடறவங்க வந்து அவனைக் கூட்டிட்டுப் போனாங்க. ஏசி ரூமுல உக்கார வெச்சு வாசின்னாங்க, கொசு பாடற மாதிரி ஒரு சத்தம்தான் வந்துது. வராம இன்னா செய்யும், அங்க இழுக்கறதுக்கு எவன் நெஞ்சுல இன்னா இருக்குது? கடைசியில அவங்களே மிஷினைத் தூக்கிக்கிட்டு எங்க கம்யூனிட்டி ஹாலுக்கு வந்து, எங்க ஆளுங்க முன்னூறு பேரை உக்கார வெச்சு அவனை வாசிக்கச் சொல்லிப் பதிஞ்சுக்கிட்டுப் போனாங்க. அந்த ரெக்கார்டைத்தான் ஊரே மெச்சிக்கிச்சு. ஒருத்தன் பேப்பர்ல எழுதியிருந்தான், இந்த வலி எங்கேருந்து வருதுன்னே தெரியலையாம். தெரியலையாம்! எட்டாயிரம் அடிக்குக் கீழேருந்து வருதுடா, எறங்கிப் பாரு.

இப்படி இருக்கச்சே, ஒன்பது வருஷம் மனு போட்டு, ரோட்டுல உக்காந்து, தடியடி வாங்கி, கடைசியில மெடிக்கல் போர்டு வர்றதா ஒரு லெட்டர் வந்துது. மூணு டாக்டருங்க வந்து நெஞ்சை சோதிச்சு, இது பீடி இல்ல, கல்தூசின்னு எழுதணும். அந்த ஒரு வார்த்தைதான். அது இருந்தாத்தான் இது சுரங்கம் செஞ்ச கொலைன்னு கோர்ட்டுல நிக்கலாம். எபிநேசரு அப்ப கட்டிலோட கட்டிலா கிடந்தாரு, வெலா எலும்பை எண்ணிடலாம். "சலோமி, பீடின்னு எழுதின சீட்டோட என்னைப் பொதைக்காதே, எங்கம்மா பரலோகத்துல பாத்தா செருப்பால அடிப்பா"ன்னு சிரிப்பா சொல்லுவாரு. எனக்குச் சிரிப்பு வராது. அந்த ஒரு வார்த்தையை அவரு கண்ணால பாக்கணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்னு இருந்துச்சு.

இங்கதான் எங்க மரியாதை எங்க வாயில மண்ணைப் போட்டுது. வெள்ளைக்காரன் காலத்துலேருந்து எங்க லைனுக்குள்ள யாரு வந்தாலும் மாலை போட்டு வாசிச்சுத்தான் கூட்டியாருவோம். சுரங்கத்தைப் பூட்ட வந்த ஆபீசருக்கே மாலை போட்டு, வாசிச்சு, சோடா ஒடைச்சுக் குடுத்த மானங்கெட்ட ஜனங்க நாங்க. சவரிமுத்து கம்பத்துல கட்டின அட்டையை அழிச்சுட்டு எழுதினாரு: போர்டு வர்ற நாள், காலை பத்து முதல் மாலை வரை மனாசே.

"டாக்டருங்க வரும்போது மேளதாளம் இல்லாம சும்மா கூட்டியாந்தா நல்லாவா இருக்கும்? நமக்குன்னு ஒரு இது இல்ல?"ன்னாரு.

நானும் தலையாட்டினேன். முப்பத்திரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தவ நானும் தலையாட்டினேன்!

மனாசே அன்னைக்கு வாசிச்ச மாதிரி என்னைக்கும் வாசிச்சதில்ல. ஹாலு வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து, மாமனுக்கு நல்லது நடக்கப் போவுதுன்னு கண்ணுல தண்ணி வழிய இழு இழுன்னு இழுத்தான். உள்ள எங்க ஆம்பளைங்க முன்னூத்திப் பதினோரு பேரு சட்டையைக் கழட்டிட்டு வரிசையில. எக்ஸ்ரே மிஷினு சுரங்கம் பூட்டின அன்னைக்கே துருப்பிடிக்க ஆரம்பிச்சது, டாக்டருங்க கிட்ட கழுத்துல தொங்கின குழாயைத் தவிர ஒண்ணும் இல்ல. வெச்சுக் கேட்டாங்க. சுத்தம். அடுத்தவன். சுத்தம். ஆரோக்கியம், சுத்தம். குப்பன், சுத்தம். எபிநேசரைக் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க, அந்தாளு எழுந்து உக்காந்து, முழு மூச்சு விட்டு, "டாக்டருக்கு எந்த ஊரு, கலியாணம் ஆயிடுச்சா"ன்னு ஜோக்கடிச்சாரு. மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய டாக்டரு சிரிச்சுக்கிட்டே எழுதினான்: ஆரோக்கியமானவர். மத்தியானம் மூணு மணிக்குள்ள முன்னூத்திப் பதினோரு சீட்டு முடிஞ்சுது, எல்லாத்துலயும் அதே வார்த்தை. எங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, கையெழுத்துப் போட்டாங்களேன்னு கையெடுத்துக் கும்பிட்டோம்.

வேன் கேட்டைத் தாண்டினதும் மனாசே தண்ணி குடிக்க மௌத்தார்கனை எடுத்தான். முன்னூத்திப் பதினோரு பேரும் ஒண்ணா இருமினாங்க. ஹாலு ஓட்டுலேருந்து மண்ணு கொட்டிச்சு. டாக்டருங்க குழாயில இன்னா கேட்டிருப்பாங்கன்னு அப்பத்தான் எங்களுக்கு வெளங்கிச்சு. ஸ்டெல்லா மண்ணை வாரி அவன் மூஞ்சியில எறிஞ்சா, நான் போய் அவன் கன்னத்துல பளார்னு ஒண்ணு வெச்சேன். அவன் கையைக்கூடத் தூக்கல.

"அடி அக்கா. இன்னும் அடி"ன்னான்.

பன்னண்டாம் நாள் எபிநேசரு போய்ட்டாரு. குட்டையா ரெண்டு, நீட்டா ஒண்ணு, "ஏசுவே"க்கு மூச்சு இல்ல. இறப்பு பதிய ஆபீசுக்குப் போனேன், அங்க இருந்த குமாஸ்தா டாக்டரு சீட்டைப் பாத்துட்டு, "ஆரோக்கியமானவர்னு போட்டிருக்குதேம்மா, அப்ப மாரடைப்புன்னு எழுதிக்கறேன்"ன்னான். ஆரோக்கியமா செத்துட்டாரு என் புருஷன். அந்தச் சீட்டை மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சேன். லைன்ல மனாசேவோட யாரும் பேசறதில்லன்னு ஆச்சு. சவரிமுத்து அட்டையைக் கிழிச்சுப் போட்டாரு. நானும் அவனுக்கு ஒரு வாய் சோறு போடல, அவன் வாசப்படியில உக்காந்து வெறும் வாயோட இருப்பான், லைனு பூரா இருமிக்கிட்டு இருக்கும்.

அடுத்த மாசம் கம்பெனிக்கு நூறாவது வருஷமாம், விழாவாம். நாங்க செத்துக்கிட்டு இருக்கோம், இவங்களுக்கு விழா. கிளப்பு பங்களாவுக்கு வெள்ளையடிச்சு, சீரியல் பல்பு கட்டி, பட்டணத்துலேருந்து டைரக்டருங்க, மேனேஜருங்க, "நேர்மையா சோதனை செஞ்ச" அந்த மூணு டாக்டருங்களுக்குப் பொன்னாடை. அதுல இந்த மண்ணின் கலைஞர்னு மனாசே வாசிக்கணுமாம். லெட்டரு வந்ததும் அவன் சரின்னு சொல்லிட்டான். லைனே காறித் துப்பிச்சு. நான் தொடப்பத்தைத் தூக்கிக்கிட்டுப் போனேன்.

"போய் வாசிப்பியாடா அந்த நாயிங்களுக்கு? மாமன் புதைகுழி மண்ணு இன்னும் காயலடா, சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கற?"

அவன் தொடப்பத்தைப் பாக்கல, என்னைத்தான் பாத்தான்.

"அக்கா, பூட்டினதுக்கப்புறம் இழுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஒரு தடவைகூட ஊதல. இழுத்ததெல்லாம் இங்கதான் இருக்குது"ன்னு நெஞ்சைத் தொட்டான். "நீ டீ குடுக்கற வேலை கேட்டு வா. வரும்போது எல்லார் சீட்டையும் எடுத்துட்டு வா."

தொடப்பத்தை அங்கயே போட்டேன். வூடு வூடாப் போய் மிச்சம் முன்னூத்திப் பத்து சீட்டையும் வாங்கி, பிஸ்கட் கூடையில அடியில அடுக்கி, மேல பிஸ்கட்டை வெச்சு, சாயங்காலம் நாலு மணிக்கு கிளப்புக்குப் போனேன். சமையக்கட்டு வாசல்ல நின்னு பழகினவன் அன்னைக்கு மேடையில நின்னான். "என்ன வாசிக்கப் போறீங்க மிஸ்டர் மனாசே"ன்னு கம்பெனி சேர்மன் கேட்டான். "பழைய டான்ஸ் பாட்டுங்க, உங்க வூட்டம்மாங்க எல்லாம் மெச்சினது"ன்னான் இவன். கை தட்டினாங்க.

ஊதினான். அந்தத் துள்ளற பாட்டுதான், ஒரு சொரம் மாறல. மொத அடியில சேர்மன் இருமினான், தகர டப்பாவைக் கல்லுமேல இழுத்த மாதிரி. எனக்குத் தெரியாதா, அது ஆரோக்கியம். ரெண்டாவது அடியில பழைய மேனேஜரு இருமினான், வெளிய நாயி குரைச்சுது. பொன்னாடை போத்தினவன், போத்திக்கிட்டவன், போட்டோ புடிச்சவன், பாட்டு துள்ளத் துள்ள எங்க லைனே அந்த ஹாலுக்குள்ள வந்து எறங்கிச்சு. கைக்குட்டையில சாம்பல் நெறத்துல கல்லுப்பொடி. ஓடப் பாத்தவங்களுக்குக் கார் வரைக்கும் மூச்சு போதல, படியிலயே குந்திட்டாங்க. எங்க ஆளுங்க இருபது வருஷமா கக்கூஸ் வரைக்கும் அப்படித்தான் போனாங்க.

பெரிய டாக்டரு மேஜையைப் புடிச்சுக்கிட்டு நின்னான். குட்டையா ரெண்டு. நீட்டா ஒண்ணு. "ஏசுவே"ன்னான், நெத்தியில பட்டையா திருநீறு. கூடையைக் கொண்டுபோய் அவன் முன்னால வெச்சு, பிஸ்கட்டைக் கீழ கொட்டி, ஜாக்கெட்டுலேருந்து எபிநேசரு சீட்டை எடுத்துத் திருப்பிப் போட்டேன்.

"எழுதுய்யா."

"என்... என்னம்மா இது... எவ்வளவு நேரம் இருக்கும்..."

"எங்க வூட்டுக்காரருக்குப் பதினாறு வருஷம் இருந்துச்சு. எழுதுய்யா. கல்தூசின்னு எழுது. தமிழ்ல எழுது, நான் படிக்கணும்."

எழுதினான். கையெழுத்துப் போட்டதும் எபிநேசரோட இருமல் அவனை வுட்டுட்டுப் போச்சு. ஒரு மூச்சு விட்டான் பாருங்க, அப்பாடான்னு, உடனே அடுத்ததா குப்பனோட இருமல் வந்து உக்காந்துது. அப்பத்தான் அவனுக்குக் கணக்குப் புரிஞ்சுது. மத்த ரெண்டு டாக்டருங்களையும் இழுத்து உக்கார வெச்சு, மூணு பேரும் எழுத ஆரம்பிச்சாங்க. ஒரு சீட்டு எழுதினா ஒரு இருமல் போவும். சேர்மன் தரையில கிடந்துக்கிட்டு "சீக்கிரம் எழுதுய்யா"ன்னு கெஞ்சினான். ஒன்பது வருஷமா எங்க சவரிமுத்து கெஞ்சின அதே வார்த்தை.

நூறு சீட்டு ஆனப்ப மேடையைப் பாத்தேன். மனாசேவோட கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு. இருநூறுல வாயோரம் ரத்தம். அவன் ஊதறதை நிறுத்தாம என்னைத்தான் பாத்தான், போதுமா அக்கான்னு கேட்டுது அந்தக் கண்ணு. சின்ன வயசுல என் இடுப்புல இருந்த புள்ளை அவன். கூடையைப் பாத்தேன், இன்னும் நூத்துக்கு மேல கெடந்துது, எல்லாம் மூஞ்சி தெரிஞ்ச பேரு.

"ஊதுடா"ன்னேன்.

ஊதினான். நீங்க என்னைப் பத்தி இன்னா வேணா நெனச்சுக்குங்க.

விளக்குப் போடற நேரத்துல கடைசிச் சீட்டுல கையெழுத்து வுழுந்துது. ஹாலே அமைதியாச்சு, எல்லாரும் நெஞ்சைத் தடவிக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாங்க. மனாசே மௌத்தார்கனை வாயிலேருந்து எடுத்தான். அப்ப ஒரு இருமல் கேட்டுது. சன்னமா, உடைஞ்ச கண்ணாடியைத் துணியில கட்டி உலுக்கின மாதிரி. முன்னூத்திப் பதினோரு இருமலையும் பேரு சொல்ற எனக்கு அது யாருதுன்னு தெரியல. சுத்திச் சுத்திப் பாத்தேன். அப்புறம்தான் மேடையைப் பாத்தேன். பதினாலு வருஷம் வண்டி தள்ளினவன், எங்க எல்லாருக்கும் வாசிச்சுக்கிட்டே இருந்தவன், வரிசையில நிக்காதவன், அவன் இருமி ஒரு நாளும் நாங்க கேட்டதில்ல.

மேடையில ஏறி அவனை மடியில சாச்சுக்கிட்டேன். "இன்னும் ஒண்ணு எழுதுய்யா"ன்னு கத்தினேன். பெரிய டாக்டரு எழுதின சீட்டுங்களைப் புரட்டிப் புரட்டிப் பாத்தான்.

"இவரு பேரு இதுல இல்லையேம்மா."

"இல்லன்னா சேரு. மனாசேன்னு எழுது. கல்தூசின்னு எழுது."

பேனாவை எடுத்தான். எங்களை நிமிந்து பாக்காம கேட்டான்.

"அண்டர்கிரவுண்டுல எத்தனை வருஷம் இருந்தாரு?"

"இன்னும் மேல வரலன்னு எழுது"ன்னேன்.